உடைந்தாலும் உதிராத கண்ணாடி

குளியலறை ஜன்னலில் கண்ணாடி ஆடிக்கொண்டிருந்தது. சரிசெய்ய இன்று காலை ஒருவர் வந்தார். பசைக் குழாயின் மூக்கை நறுக்கி, கண்ணாடியின் ஓரமெல்லாம் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கக் காடி புளித்த வாடை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "இன்னாங்க, ஊறுகா கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு அந்த வாடையை ஆழமாக உள்ளே இழுத்தேன். பத்து விரலிலும் பசை ஒட்டிக்கொண்டு, நெற்றியில் விழுந்த மயிரை முழங்கையால் தள்ளிக்கொண்டு நீ எதிரே நிற்பது போலிருந்தது. உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தது கள்ளக்குறிச்சி மாணவியர் விடுதியில். நான் சங்கராபுரம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண். நீ கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி, சாமையும் மரவள்ளியும் போடுகிற வீட்டுப் பெண். சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரும் தட்டைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். நீ மட்டும் சாம்பார்க் கரண்டியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இங்க பாருடி. கரண்டி வயித்துல மூஞ்சி தலகீழா தெரியுது. முதுகுல நேரா தெரியுது. ஒரே கரண்டிதானே, ஏன்?"

அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு. என் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டாய். மறுநாள் அறிவியல் டீச்சரிடம் போய்க் கேட்டபோது, அது அடுத்த வருஷத்துப் பாடம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். "அடுத்த வருசம் வரைக்கும் கரண்டி காத்துக்கினு இருக்குமா?" என்று என் காதருகில் முணுமுணுத்தாய்.

பள்ளி முடிந்ததும் நான் படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வேலைக்குச் சேர்ந்து கண்ணாடி வெட்டக் கற்றுக்கொண்டேன். நீ பாலிடெக்னிக்கில் இயந்திரப் படிப்பு படித்தாய். படித்து முடித்த கையோடு ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்று, "வசந்தா, லாரிங்களுக்கு சைடு கண்ணாடி பண்ணலாம்டி. வெட்டறது நீ, மாட்டறது நான்" என்றாய். அப்படித்தான் சங்கராபுரம் சாலையில், அரிசி ஆலைக்குப் பின்னால், நம்முடைய தகரக் கொட்டகை முளைத்தது. வளைத்துப் பூச்சுப் பூசிய கண்ணாடிகள் வெளியூரிலிருந்து பெட்டிகளில் வரும். நான் அளவுக்கு வெட்டுவேன். நம்மிடம் வேலைக்குச் சேர்ந்த அஞ்சலை ஓரத்தைத் தேய்த்து மழுக்குவாள். நீ அதைக் கறுப்புக் கூட்டுக்குள் நாலு பொட்டுப் பசை வைத்து அழுத்தி, வண்டியில் பிணைக்கிற கம்பியை மாட்டுவாய். உளுந்தூர்பேட்டையில் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார். அங்கே சாலைகள் கூடுகிற சந்திப்பில் டீ குடிக்க நிற்கிற லாரிகளில் ஏதாவது ஒன்று எங்கேயாவது உரசிக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத்தான் வந்திருக்கும். நமக்கு வேலை குறையவில்லை.

வண்டிக் கண்ணாடிக்கு விதி உண்டு, அந்த விதிப்படி சோதித்து முத்திரை கொடுக்கிற இடம் உண்டு என்று நம் காதிலும் விழுந்திருந்தது. அதெல்லாம் பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று இருந்துவிட்டோம். உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஓட்டத்தில் நடுங்கக் கூடாது. நல்ல கண்ணாடி என்றால் நமக்கு அவ்வளவுதான்.

உன் அண்ணிக்கு அடிபட்ட செய்தி வந்தபோது நீ ஒரு கூட்டுக்குப் பசை வைத்துக்கொண்டிருந்தாய். புளி மூட்டையோடு சந்தைக்கு வருவதற்காக அவர் ஜீப்பில் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கச்சிராயபாளையத்துக்கு மேலே ஒரு வளைவில், எதிரே வந்த லாரிக்கு வழி விடுவதற்காக ஜீப் மலைப் பக்கம் ஒதுங்கியது. இடப்பக்கக் கண்ணாடி பாறையில் இடித்து நொறுங்கியது. திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சில்லுகள் உள்ளே பறந்தன. வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உன் அண்ணிக்கு இடது கண்ணில் பார்வை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நாம் போய்ப் பார்த்தபோது அவர் அழவில்லை. கட்டுப் போட்ட முகத்தோடு படுத்துக்கொண்டு உன்னைக் கேட்டார்: "பின்னாடி வர்றத பாக்கறதுக்குதானே அத வைக்கறீங்க? அது ஏன் முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்கறவ கண்ணுல வந்து பாயுது?"

நீ அங்கிருந்து நேரே கிளம்பினாய். ஜீப்காரரைத் தேடிப் போய், நொறுங்கின கூட்டைக் கேட்டு வாங்கி வந்தாய். அது யார் செய்தது என்று காட்ட ஓர் எழுத்தும் இல்லை. உளுந்தூர்பேட்டையில் வாங்கினது என்று மட்டும் அவருக்கு நினைவிருந்தது. நம்முடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் கூடும் அந்தக் கூடும் ஒன்று போலத்தான் இருந்தன. உள்ளே நாலு பொட்டுப் பசை காய்ந்து கிடந்தது.

மறுநாள் காலையில் நான் கொட்டகைக்கு வந்தபோது நீ சுத்தியலோடு உட்கார்ந்திருந்தாய்.

"எத்தினி கண்ணாடி பண்ணியிருப்போம்டி? ஒண்ணையாச்சும் நாம ஒடச்சிப் பாத்திருக்கறமா?"

"யாராச்சும் பண்ணத ஒடைப்பாங்களா?"

"ஒடையும்போது அது இன்னா பண்ணும்னு தெரியாமயே வித்துக்கினு இருக்கறமே."

கொட்டகைக்குப் பின்னால் சாக்கை விரித்து, நம் கண்ணாடி ஒன்றைக் கட்டையில் கட்டி நிறுத்தினாய். நானும் அஞ்சலையும் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். நீ முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடித்தாய். சாக்கைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அரிசி ஆலையின் நெல் காய்கிற களம் வரைக்கும் சில்லுகள் போய் விழுந்தன. கூட்டில் பார்த்தால், பசை இருந்த நாலு இடத்தில் மட்டும் நாலு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. களத்துக்காரர் வந்து போட்ட கூச்சலில் அன்று மாலை வரை நாம் நெல்லுக்குள் சில்லு பொறுக்கினோம்.

அதற்கு அடுத்து நீ செய்தது எனக்குப் பிடித்திருந்தது. புதுப் பேருந்துகளுக்கு வருகிற முத்திரை போட்ட கண்ணாடி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து அதையும் அதே கட்டையில் கட்டினாய். அடித்தாய். 'சடக்' என்ற சத்தத்தோடு சிலந்தி வலைபோல விரிசல் ஓடியது. ஒரு துண்டும் விழவில்லை. நீ முகத்துத் துண்டை அவிழ்த்துவிட்டு அதனிடம் ஓடினாய். மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு கத்தியால் ஒரு சில்லை நெம்பி எடுத்தாய். பின்புறம் முழுவதும், ஓர் இடம் விடாமல், பசைத் தாள் ஒட்டியிருந்தது.

"ஒடையக் கூடாதுன்னு யாரும் சொல்லலடி. உதிரக் கூடாதுன்னுதான் சொல்றாங்க" என்றாய். கரண்டியைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

அதன் பிறகு நாமும் பின்புறம் முழுவதும் பசை தடவ ஆரம்பித்தோம். கொட்டகை புளித்தது, நம் புடவைகள் புளித்தன, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். இப்போது அடித்தால் நம் கண்ணாடியும் உதிரவில்லை. அதோடு போதும் என்று நான் நினைத்தேன். நீ சோதனைக்கூடத்துக்கு எழுதி விதிகளின் நகலை வரவழைத்தாய். சான்று வாங்காமல் இனி ஒரு கண்ணாடியும் விற்பதில்லை என்றாய்.

"அதான் சரி பண்ணிட்டமே, இன்னும் இன்னாடி?" என்று கேட்டேன்.

"சரின்னு யாரு சொல்றது? நாமளே சொல்லிக்கினா ஆச்சா?"

அந்த விதிகளை அகராதியை வைத்துக்கொண்டு நீ எனக்குப் படித்துச் சொன்ன நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. உடைவது அதில் ஒரு பகுதிதான். வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித் தர வேண்டும், இருக்கையில் உட்கார்ந்தவருக்குச் சாலையில் எவ்வளவு அகலம் தெரிய வேண்டும், எவ்வளவு வளையலாம், வளைவு ஒரு முனையிலும் மறுமுனையிலும் எவ்வளவு வித்தியாசப்படலாம் என்று எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எல்லைக்கும் நீ "ஏன்?" என்று கேட்பாய். நகலில் ஏன் என்று போட்டிருக்காது. அதனால் நாம் தேடிக்கொண்டு போனோம்.

செல்வராசு அண்ணன் நினைவிருக்கிறதா? வெள்ளிமலைக்குப் பேருந்து ஓட்டுகிறவர். உன் ஊர்க்காரர்களை எல்லாம் பெயர் சொல்லி அழைத்து ஏற்றிக்கொள்வார். கச்சிராயபாளையத்தில் அவர் வண்டி நிற்கிற நேரத்தில், பக்கக் கம்பியில் ஒரு தட்டைக் கண்ணாடியையும் ஒரு வளைந்த கண்ணாடியையும் மாற்றி மாற்றி மாட்டினோம். நான் சுண்ணாம்புக் கட்டியோடு வண்டிக்குப் பின்னால் நடந்து, அவர் கைகாட்டிய இடத்தில் எல்லாம் தரையில் கோடு போட்டேன். தட்டைக் கண்ணாடிக்கு விழுந்தது ஒரு சந்து அளவு. வளைந்த கண்ணாடிக்கு ஒரு தெரு அளவு.

"அப்ப வளைஞ்சதுதானே நல்லதுங்க?" என்று நான் கேட்டேன்.

"அதெப்படிம்மா சொல்றது? தட்டக் கண்ணாடில கொஞ்சம்தான் தெரியும். ஆனா வண்டி எவ்ளோ கிட்ட வந்திருக்குதுன்னு கரெக்டா தெரியும். இதுல எல்லாம் தெரியுது, எல்லாம் தூரத்துல இருக்கற மாதிரி தெரியுது. நம்பி ஒடிச்சா போச்சு."

நீ உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாய். "கரண்டி முதுகுடி! ஜாஸ்தி வளைச்சா ஜாஸ்தி தெரியும், ஆனா பொய்யும் ஜாஸ்தி. அதுக்குத்தான் எல்ல வச்சிருக்கறாங்க." கொட்டகைக்குத் திரும்பியதும், மூன்று கால் கொண்ட சிறிய வளைவுமானியைக் கண்ணாடி கண்ணாடியாக வைத்துப் பார்த்தாய். நமக்கு வந்த பெட்டிகளில் பாதி, ஒரு பக்கம் ஒரு வளைவு, மறுபக்கம் வேறு வளைவு. அந்தப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினோம்.

வைக்கோல் அடைத்த பெட்டியில் மாதிரிகளை வைத்துக்கொண்டு, ரயிலேறி, வடக்கே அந்தச் சோதனைக்கூடத்துக்குப் போனோம். இரண்டு பேருக்கும் மாநிலத்தைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அங்கே ஒரு தண்டின் நுனியில், ரப்பர் போர்த்திய இரும்புத் தலை ஊசல்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கி விட்டால் வந்து கண்ணாடியின் முகத்தில் மோதும். சோதனை செய்த பொறியாளர் பாலக்காட்டுக்காரராக இருந்தது நம் அதிர்ஷ்டம். கொஞ்சம் மலையாளம் கலந்த தமிழில் பேசினார்.

தலை வந்து மோதியது. கண்ணாடியில் விரிசல் ஓடியது, ஒரு சில்லும் விழவில்லை. நான் உன் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். அதற்குள் கண்ணாடி கூட்டோடு கழன்று, கம்பி முறிந்து, கீழே விழுந்தது.

"கண்ணாடி பாஸ். கம்பி ஃபெயில்" என்றார் அவர்.

அடித்தளத்தில் கம்பியின் மீதி, சீவிய குச்சி மாதிரி கூராக நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒராள் ரோட்டோரமா நடந்து போறார்னு வைங்க. கண்ணாடி அவர் தோளில இடிக்குது. மடங்கினா தோள் தப்பிக்கும். இப்படி முறிஞ்சா, இது குத்தும்."

"அப்ப இந்த விதி வண்டியில இருக்கறவங்களுக்கு மட்டும் இல்லையா சார்?" என்று நீ கேட்டாய்.

"பாதி உள்ளே இருக்கிறவருக்கு. பாதி வெளியே போறவருக்கு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ என்ன சொன்னாய் தெரியுமா? "சார், இன்னொரு தடவ அடிக்கறீங்களா?"

"ரிசல்ட் மாறாதும்மா."

"ரிசல்ட் மாற வேணாம் சார். எந்த எடத்துல மொதல்ல விடுதுன்னு பாக்கணும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு இடைவேளையில், கணக்கில் சேர்க்காமல், மிச்சமிருந்த மாதிரியைப் பொருத்தி அடித்தார். நீ பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தடுப்புக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, கம்பியின் அடியையே பார்த்தாய். "வெல்டிங்ல இல்லடி! அதுக்குக் கொஞ்சம் மேல விடுது" என்று நீ கத்தியதில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அவரும் சாப்பாட்டை மறந்து உன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நீ என் முழங்கையை இடித்துச் சொன்னாய்: "முறியாம இருக்கணும்னா கெட்டியா இருக்கணும்னு நெனச்சிக்கினு இருந்தோம். விட்டுக்குடுக்கணுமாம். கெட்டியா இருக்கறது எப்பிடி விட்டுக்குடுக்கும்?"

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கஷ்டமானவை. விற்பனை இல்லை. அஞ்சலை கரும்பு வெட்டப் போய்விட்டாள். போகும்போது, "கூப்புட்டா வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனாலும் அவள் உட்காருகிற மணையைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் உளுந்தூர்பேட்டைக் கடைக்காரர் கொட்டகைக்கே வந்தார். நல்ல மனிதர்தான். நம் நிலைமையைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்.

"சீலுதானேம்மா வேணும்? ஒரு நம்பரப் போட்டு நானே அடிச்சித் தரேன். யாரு பாக்கப் போறா?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ கோபப்படவில்லை. "அந்தச் சீல அடிச்சா கம்பி மடங்குமாங்க?" என்று கேட்டாய்.

"இன்னாம்மா, சின்னப் புள்ள மாதிரி கேக்கறே."

"இல்லங்க, நெஜமாத்தான் கேக்கறேன். சீலு அடிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டையும் ஒடச்சிப் பாத்தா ஒண்ணாத்தானே ஒடையும்? அப்ப அந்தச் சீலு இன்னா சொல்லுது?"

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு வெகு காலம் நம்மிடம் எடுக்கவில்லை. அன்று மாலை நீயும் நானும் கொட்டகையைப் பூட்டினோம். எனக்குப் பயமாக இருந்தது. உனக்கும் இருந்திருக்கும். பூட்டின பூட்டை நீ மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தாய்.

வழி கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு வெளியே கிடைத்தது. இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் நான் பூ வாங்கிக்கொண்டு திரும்பினால், நீ யாருடைய வண்டிக்கோ பக்கத்தில் மண்டியிட்டு அதன் சைடு ஸ்டாண்டைக் கையால் மடக்கி விரித்து, மடக்கி விரித்து விளையாடிக்கொண்டிருக்கிறாய்.

"யம்மா, யம்மா! இன்னா பண்றீங்க? அது என் வண்டி!" என்று ஒருவர் ஓடி வந்தார்.

"தெரியுதுங்க. ஒரே ஒரு தடவ பாத்துக்கறேங்க. இந்த ஸ்டாண்டு விரிஞ்சா விரிஞ்சே நிக்குது, மடக்கினா மடங்கியே நிக்குது. நடுவுல நிக்க மாட்டேங்குது பாத்தீங்களா?"

"ஸ்பிரிங்கு இருக்குதுங்க, அதான்."

"ஸ்பிரிங்கு எங்க மாட்டியிருக்குது, எந்த எடத்துல அந்தாண்ட தாவுது, அதத்தான் பாக்கறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு பையைத் தரையில் வைத்துவிட்டு அவரும் குனிந்தார். இரண்டு பேரும் அந்த ஸ்டாண்டைப் பற்றிப் பேசப் பேச, வண்டியில் பின்னால் ஏற வந்தவரைக்கூட அவர் காக்க வைத்துவிட்டார். மல்லிகைப் பூ என் கையில் வாடியது. நம் கம்பியின் அடியில் அந்த மாதிரி ஒரு மூட்டும் ஸ்பிரிங்கும் வைத்தாய். அடி விழுந்தால் கண்ணாடி பின்பக்கமாக மடங்கும். கையால் தள்ளினால் பழையபடி வந்து நிற்கும். அது சரியாக வருவதற்குள் நீ எத்தனை ஸ்பிரிங்குகளை வீணாக்கினாய் என்று நான் கணக்கு வைக்கவில்லை.

இரண்டாம் தடவை சோதனைக்கூடத்தில், ஊசல் மோதி நம் கண்ணாடி 'டக்' என்று மடங்கிக்கொண்டபோது, அந்தப் பாலக்காட்டுக்காரர் கைதட்டினார். மற்றச் சோதனைகளும் தேறின. சான்று வந்தது. கண்ணாடியின் மூலையில் பொறிக்க நமக்கென்று ஓர் எண்ணும் வந்தது. அஞ்சலை அரிவாளைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். நான் சான்றுக்குச் சட்டம் போட்டு மாட்டினேன். எத்தனையோ படங்களுக்குச் சட்டம் போட்ட நான் அன்று ஓர் ஆணியை இரண்டு தடவை பிடுங்கி அடித்தேன்.

நீ அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்போது பிடிக்கவில்லை. "இது நாம எடுத்துக்கினு போன கண்ணாடிக்குக் குடுத்ததுடி. நாளைக்குப் பண்ணப் போறது எல்லாம் அதே மாதிரி இருக்கும்னு நாமதான் சொல்லியிருக்கறோம்." அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றை எடுத்து உடைத்தாய். விதி கேட்பதைவிட அதிகமாகவே உடைத்தாய். அஞ்சலை ஒவ்வொரு தடவையும், "தேச்சித் தேச்சி வச்சது, அய்ய!" என்று வாயில் கை வைத்துக்கொள்வாள். அவளுக்கு ஆறுதலாக அவளையே அடிக்கச் சொன்னாய். பிறகு அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் செல்வராசு அண்ணன் தன் வண்டியில் மாட்டியிருந்த நம் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தார். மலையில் மரக்கிளை ஒன்று முறிந்து சாய்ந்து, ஓடுகிற வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியில் அடித்ததாம். அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாளாம். "சத்தம் கேட்டு அந்தப் பொண்ணு கொழந்தய மூடிக்கிச்சி. ஒண்ணுமே வரல. வண்டிய நிறுத்திட்டுப் பாத்தா, இது மடங்கிக்கினு ஒக்காந்திருக்குது" என்று மேசைமேல் வைத்தார். முகம் முழுக்க விரிசல். எல்லாச் சில்லும் அதனதன் இடத்தில்.

அந்த வாரமே சந்தைக்கு வந்த உன் அண்ணி கொட்டகைக்கும் வந்தார். நீ அந்தக் கண்ணாடியை அவர் மடியில் வைத்தாய். அவர் தலையைச் சாய்த்து, பார்வை இருக்கிற கண்ணால் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார்.

"தொடலாமா?"

"மெதுவா, அண்ணி."

உள்ளங்கையை வைத்துத் தடவினார், தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. கையைத் திருப்பிப் பார்த்தார். ரத்தம் இல்லை. "குத்தலயே" என்றார். அப்புறம்தான், அத்தனை வருஷத்துக்குப் பிறகு, அழுதார். நீயும் அழுதாய். நான் டீ வாங்கப் போவது போல வெளியே போய்விட்டேன்.

உனக்கு வந்த நோயைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கடைசி வாரங்களில் உன் கட்டில் வாசலுக்கு நேரே இருந்தது. தாழ்வாரம் திரும்புகிற மூலையில், மேலே ஒரு வட்டக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். யார் வருகிறார்கள் என்று அதில் பார்த்து எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பாய். நர்ஸ் வருது, சாப்பாட்டு வண்டி வருது, பக்கத்துக் கட்டில்காரங்க மவன் வர்றான். ஒரு மதியம், பேசவே மூச்சு வாங்கிய நேரத்தில், என் விரலைச் சுரண்டிக் கூப்பிட்டாய்.

"வசந்தா, அந்தக் கண்ணாடிக்கு நேர் கீழ ஒரு கொழந்த நின்னுக்கினு இருந்துச்சி. நடந்து இப்பிடி வந்தப்பறம்தான் எனக்குத் தெரிஞ்சிச்சி. நாம பின்னாடியே பாத்துக்கினு இருந்துட்டோம்டி. ஸ்கூல் வண்டிக்கு மூக்குக்கு நேர் கீழ நிக்கற புள்ளைய டிரைவர் எப்பிடிப் பாப்பாரு?"

"நீ தூங்கு. அப்பறம் பாக்கலாம்."

"போய்ப் பாரு. எனக்கு வந்து சொல்லு."

சொல்வதற்கு நீ இருக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாய். உன்னை மலைக்குக் கொண்டுபோனபோது செல்வராசு அண்ணன் வேலைக்குப் போகாமல் எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

உனக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். அதற்கும் விதி இருக்கிறது. வண்டியின் முன்மூக்கைப் பார்ப்பதற்கென்றே தனிக் கண்ணாடி உண்டு. எந்த வண்டிக்கு அது கட்டாயம், எவ்வளவு தெரிய வேண்டும் என்றெல்லாம் நானே அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். நிறைய இடங்களில் ஏன் என்று போடவில்லை. அதனால் போன வாரம் திருநாவலூரில் பள்ளி வேன் ஓட்டுகிற முருகையன் என்பவரைப் பிடித்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, காலி வேனைக் கோயில் பக்கத்து மைதானத்தில் நிறுத்தினார். அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். தெரிவதாகத் தலையாட்டினார். இன்னும் கிட்டே போய்க் குனிந்தேன். தெரிவதாகச் சொன்னார். வண்டி மூக்கை ஒட்டி, முதல் வகுப்புப் பிள்ளை உயரத்துக்குத் தரையில் குந்தி உட்கார்ந்தேன்.

"எங்கங்க போயிட்டீங்க?" என்றது அவர் குரல்.

நான் அவருக்கு ஒரு கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தேன். இன்ஜின் சூடு என் நெற்றியில் அடித்தது. பயப்பட வேண்டிய இடம்தான். ஆனால் எனக்கு வந்தது பயம் இல்லை. இந்த இடம் எதுவரைக்கும் போகிறது, எந்த வளைவு இதைக் காட்டும், எவ்வளவு பொய் சொல்லும் என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. உன்னோடு இருந்த காலத்தில் அவையெல்லாம் உன் வாயிலிருந்து வரும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது என் வாயிலிருந்தே வருகின்றன. தெரியாத ஓர் இடத்தைக் கண்டால் வெட்கப்படாமல் போய் அதற்குள் உட்கார்ந்து பார்ப்பது என்பது நீ எனக்கு விட்டுப்போனது. அது என்னிடம் வந்து சேர்ந்தது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். முருகையனைக் கீழே இறங்கச் சொன்னேன்.

"நீங்க இங்க வந்து குந்துங்க" என்றேன். "நான் மேல ஏறிப் பாக்கறேன்."